லேடீஸ் டூர் நடத்தணுமா? முதல் ட்ரிப் பிளான் பண்றது எப்படி, ஃபீஸ் எவ்ளோ வைக்கிறது

ஒவ்வொரு தெருவுலயும் ஒரு அக்கா இருப்பாங்க. நவக்கிரக கோயில் டூரோ, காசி ராமேஸ்வரமோ, ஆபீஸ் பொண்ணுங்க சேர்ந்து போற மூணாறு ட்ரிப்போ, எதுவா இருந்தாலும் லிஸ்ட் எடுக்கிறது, பணம் வசூல் பண்றது, வேன்காரர்கிட்ட பேரம் பேசுறது, சுகர் மாத்திரை எடுத்துட்டீங்களான்னு கேக்குறது, வண்டி கிளம்பும்போது தலை எண்ணுறது எல்லாம் அவங்கதான். ஆனா அதுக்கு ஒரு ரூபா சம்பளம் கிடையாது, பல தடவை கைக்காசு வேற போயிருக்கும், கடைசில "டூர் அரேஞ்ச் பண்ணது எங்க வீட்டுக்காரர்"னு பேரு வேற யாருக்கோ போயிடும். நான் இதை எழுதுறதே அந்த அக்காவுக்காகத்தான். நீங்க செய்றது டூர் லீடர் வேலை. அதை காசு வாங்கிட்டு, ஒழுங்கா, உங்க பேர்ல செய்யுங்க.

ஐநா சுற்றுலா அமைப்பு 2019ல வெளியிட்ட அறிக்கை ஒண்ணு இருக்கு. உலகம் முழுக்க சுற்றுலாத் துறைல வேலை பாக்குறவங்கள்ல 54 சதவீதம் பெண்கள்தான், ஆனா சம்பளம் ஆண்களை விட 14.7 சதவீதம் கம்மின்னு சொல்லுது. ரூம் கிளீனிங், சமையல், ரிசப்ஷன்னு பாதிக்கு மேல நாமதான் இருக்கோம், முடிவு எடுக்கிற சீட்லதான் ஆள் குறைவு. அந்த அமைப்போட தலைமைப் பொறுப்புக்கே ஒரு பெண் வந்தது 2026 ஜனவரிலதான், ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஷைக்கா அல் நுவைஸ்.

ஆனா கீழ இருந்து தொடங்கினவங்க முன்னாடியே இருக்காங்க. நேபாளத்துல பொக்காராவுல மூணு அக்கா தங்கச்சிங்க, லக்கி, டிக்கி, நிக்கி சேத்ரி, ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்திட்டு இருந்தாங்க. மலையேற வர்ற பெண்கள் திரும்பி வந்து "கூட வந்த ஆம்பள கைடு சரியில்ல, பயமா இருந்துச்சு"ன்னு சொல்லவும், சரி நாமளே பெண்களை கைடா ட்ரெயின் பண்ணுவோம்னு 1990கள்ல ஆரம்பிச்சதுதான் 3 சிஸ்டர்ஸ் ட்ரெக்கிங் கம்பெனி. லடாக்ல தின்லாஸ் சோரோல் 2009ல முழுக்க பெண்களே நடத்துற ட்ராவல் கம்பெனி தொடங்கினாங்க, கைடு, போர்ட்டர், ஆபீஸ் எல்லாமே பெண்கள். இலங்கைல தம்புள்ளைக்குப் பக்கத்துல 2025ல எல்லா வேலையும் பெண்களே பாக்குற ஹோட்டல் ஒண்ணு திறந்திருக்காங்க, பேரு அம்ப யாளு. பொக்காரா கதைல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஒரு பயணி சொன்ன குறைதான் அங்க ஒரு தொழிலாச்சு. நீங்க இதுவரைக்கும் போன டூர்கள்ல எது எதுக்கு எரிச்சல் பட்டீங்களோ அதை ஒரு நோட்டுல எழுதுங்க. பாத்ரூம் இல்லாத இடத்துல சாப்பாட்டுக்கு நிறுத்துனது, ராத்திரி 11 மணிக்கு ரூம் தேடுனது, ஷாப்பிங்னு சொல்லி டிரைவருக்கு கமிஷன் வர்ற கடைல ரெண்டு மணி நேரம் உக்கார வச்சது... அந்த லிஸ்ட்தான் உங்க முதல் பிளான்.

முதல்ல ரூட்டு

முதல் ட்ரிப்புக்கு ஏழு நாள் காசி எல்லாம் வேணாம். ரெண்டு ராத்திரி மூணு பகல், ஒரே வேன், பத்து பேருக்குள்ள. உங்க ஊர்ல இருந்து நாலஞ்சு மணி நேரத்துல திரும்பி வர்ற தூரம், ஏன்னா யாருக்காவது உடம்பு முடியலன்னாலோ வீட்ல ஏதாவது ஆச்சுன்னாலோ அனுப்பி வைக்க முடியணும். அப்புறம் ரூட்டுக்கு ஒரு கதை இருக்கணும், சும்மா பத்து இடத்தை அடுக்குறது எல்லா ட்ராவல்ஸும் செய்றதுதான்.

நான் எல்லாருக்கும் சொல்ற ரூட்டு திருச்சில ஆரம்பிச்சு மதுரைல முடியுற ஒண்ணு. திருச்சி, தஞ்சாவூர், திருவையாறு, புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை, மதுரை. ரெண்டு முனைலயும் ரயில், பஸ், ஏர்போர்ட் எல்லாம் இருக்கு, நடுவுல தூரம் எல்லாம் சின்னச் சின்னது, தஞ்சாவூர்ல இருந்து புதுக்கோட்டை 60 கிலோமீட்டர் கிட்ட, அங்க இருந்து காரைக்குடி 40 சொச்சம். அதை விட முக்கியம், வழி முழுக்க பெண்களோட கதை இருக்கு, அதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

பெரிய கோயிலுக்கு எல்லா டூர் பஸ்ஸும் போகுது, நந்தி கிட்ட போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க. ஆனா அந்தச் சுவர்ல ராஜராஜன் வெட்டி வச்சிருக்கிற கல்வெட்டு என்ன சொல்லுதுன்னா நாம் கொடுத்ததும், நம் அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மத்தவங்க கொடுத்ததும் எல்லாத்தையும் கல்லில் வெட்டுக அப்படின்னு. அந்த அக்கன்தான் குந்தவை. அதே கோயில்ல இன்னொரு கல்வெட்டுல 400 தளிச்சேரிப் பெண்டுகளோட, அதாவது கோயில்ல ஆடுற பணிக்கு வந்த பெண்களோட பேரு இருக்கு, ஒவ்வொருத்தரும் எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தாங்க, எந்தத் தெருவுல எத்தனாவது வீடு கொடுத்தாங்கன்னு விலாசத்தோட இருக்கு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. அந்தச் சுவர் முன்னாடி உங்க குரூப்பை நிறுத்தி இதைச் சொல்லிப் பாருங்க, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வேலைக்காக ஊரு விட்டு ஊரு வந்த பொண்ணுங்க பேரு இதுன்னு சொன்னா கூட்டம் அப்படியே அமைதியாயிடும், அப்புறம் கேள்வி மேல கேள்வி வரும். நீங்களே படிச்சுச் சொல்ல முடியலன்னா சுற்றுலாத்துறை லைசென்ஸ் இருக்கிற கைடை பிடிங்க, முடிஞ்சா பெண் கைடு கேளுங்க, "லேடி கைடு இருக்காங்களா"ன்னு நாலு பேர் கேட்டாத்தான் அஞ்சாவது தடவை ஒருத்தங்களை ரெடி பண்ணி வைப்பாங்க.

பெரிய கோயிலுக்கு காலைல 7, 7:30க்கு உள்ள இருக்கணும். வெயில் ஏறிட்டா அந்தக் கல்தரைல வெறுங்கால் வைக்க முடியாது, வயசானவங்களுக்கு கால் கொப்பளிச்சே போயிடும். எல்லாரையும் ஒரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நீங்களும் நாலஞ்சு ஜோடி எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. அப்புறம் நம்ம ஊர்க் கோயில் பெரும்பாலும் மத்தியானம் 12, 12:30க்கு நடை சாத்துனா சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பாங்க, அந்த நேரத்தை சாப்பாடு, அரண்மனை, ரூம்ல கொஞ்சம் ரெஸ்ட்னு போடுங்க.

சாயங்காலம் திருவையாறு, தஞ்சாவூர்ல இருந்து 13 கிலோமீட்டர்தான். தியாகராஜர் சமாதி இன்னைக்கு இருக்கிற மாதிரி இருக்கக் காரணம் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பாழாக் கிடந்த இடத்தை 1920கள்ல சொந்தக் காசைப் போட்டு, நகையை வித்து கட்டினாங்க. அவங்க கட்டின இடத்துலயே வருஷா வருஷம் நடக்கிற ஆராதனை விழா அப்போ பெண்கள் பாடக் கூடாதுன்னு இருந்துச்சு, அவங்க விடல, பெண்களுக்குன்னே தனியா ஒரு கோஷ்டி ஆரம்பிச்சு பாட வச்சாங்க, 1940 வாக்குல எல்லா கோஷ்டியும் ஒண்ணா சேர்ந்துச்சு. அவங்க சமாதியும் அங்கேயேதான் இருக்கு. குரூப்ல பாடத் தெரிஞ்சவங்க யாராவது கட்டாயம் இருப்பாங்க, முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

ரெண்டாவது நாள் புதுக்கோட்டை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊரு, மகாராஜா காலேஜ்ல ஆம்பளைப் பசங்களுக்கு நடுவுல ஒரே பொண்ணா சேர்ந்து படிச்சாங்க. இதே மாவட்டத்துலதான் 1990கள் தொடக்கத்துல அறிவொளிங்கிற எழுத்தறிவு இயக்கம் நடந்தப்போ, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்கை எடுத்து, எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்துட்டு நிக்காம தண்ணிக்கும் சந்தைக்கும் தானே போனாங்க. பயணத்தைப் பத்தி இதை விடப் பெரிய கதை எனக்குத் தெரியாது. 45, 50 வயசு தாண்டின உள்ளூர் அம்மா யாராவது அப்போ கத்துக்கிட்டவங்களா இருந்தா, விசாரிச்சு, ஒரு டீ நேரம் உக்காந்து பேச ஏற்பாடு பண்ணுங்க, அவங்க நேரத்துக்கு காசு கொடுத்துத்தான். ஒண்ணு கவனிங்க, அரசு மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, அதனால வியாழக்கிழமை கிளம்புற பிளான் போட்டா ரெண்டாவது நாள் பூட்டுன கதவைப் பாத்துட்டு வரணும்.

அங்க இருந்து திருமயம் கோட்டை, முட்டி வலி இருக்கிறவங்க கீழயே உக்காந்துக்கலாம், அப்புறம் காரைக்குடி. செட்டிநாட்டு வீட்டைப் பாக்குறதோட விடாதீங்க. ஆத்தங்குடில தரைக்குப் போடுற கல், அதாவது டைல்ஸ் செய்ற பட்டறைக்குப் போங்க. கண்ணாடித் தட்டு மேல இரும்பு அச்சை வச்சு, கலர் சிமெண்ட்டை கையாலேயே ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்தி, அச்சை எடுத்துட்டு மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, காய வச்சு தண்ணித் தொட்டில நாள் கணக்கா ஊறப் போடுவாங்க. டிசைன் அடில இருக்கும், கண்ணாடியை விட்டுப் பிரிக்கும்போதுதான் பளபளன்னு முகம் தெரியும். குரூப்ல ஒருத்தரை ஊத்திப் பாக்க விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டு வைங்க. கண்டாங்கிச் சேலை நெய்ற இடம், வீட்ல முறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம் போட்டு விக்கிற ஆச்சிங்க, மகளிர் சுயஉதவிக் குழு நடத்துற கடை, இதெல்லாம் உங்க ரூட்ல வரட்டும். காரைக்குடில தி பங்களான்னு ஒரு ஹோட்டல் இருக்கு, குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பங்களாவை மீனாட்சி மெய்யப்பன் ஹோட்டலா மாத்தி செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கே உலகம் முழுக்க ஆள் வர வச்சாங்க. பட்ஜெட் இடிக்குதுன்னா தங்க வேணாம், முன்கூட்டியே சொல்லிட்டு ஒரு மத்தியானச் சாப்பாடு மட்டும் போடலாம், சொல்லாமப் போய் நின்னா இலை கிடைக்காது.

மூணாவது நாள் சிவகங்கை, சூரக்குளத்துல வேலு நாச்சியார் மணிமண்டபம். புருஷனையும் நாட்டையும் பறிகொடுத்துட்டு விருப்பாச்சில இருந்து படை திரட்டி 1780ல சிவகங்கையைத் திரும்பப் பிடிச்ச கதையை வேன்லயே சொல்லிட்டா மண்டபத்துல நேரம் ஆகாது. அங்க இருந்து மதுரை, சாயங்கால ரயில்.

நேர்ல ஒரு தடவை போகாம ஆளைக் கூட்டிட்டுப் போகாதீங்க

இதுல சமரசமே கிடையாது. ஒரு தோழியைக் கூட்டிக்கிட்டு பஸ்லயாவது ரூட்டு முழுக்க போயிட்டு வாங்க. தங்குறதுக்கு, தனியாவோ ரெண்டு பேராவோ போற பெண்களுக்கு அரசோட தோழி விடுதி திருச்சி, தஞ்சாவூர் மாதிரி ஊர்கள்ல இருக்கு, சில நாள் தங்கவும் இடம் கொடுக்குறாங்க, போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

நீங்க பாக்கப் போறதுல முதல் இடம் பாத்ரூமுக்குத்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சு எந்த பெட்ரோல் பங்க், எந்த ஹோட்டல்னு குறிச்சுக்கோங்க, உள்ள போய்ப் பாருங்க, தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதா, குப்பைத் தொட்டி இருக்கா, லைட்டு எரியுதா, வெஸ்டர்ன் டாய்லெட் ஒண்ணாவது இருக்கா. நம்ம பெண்கள் டூர்னாலே தண்ணி குடிக்காம வர்றாங்க, வழில போக இடம் இருக்காதேன்னு பயம், அப்புறம் யூரின் இன்ஃபெக்ஷனோட வீட்டுக்குப் போறாங்க. "இத்தனை மணிக்கு இந்த இடத்துல நிறுத்துவோம், நான் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு"ன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அவங்க நிம்மதியா தண்ணி குடிப்பாங்க, அந்த ஒரு விஷயத்துக்காகவே அடுத்த ட்ரிப்புக்கும் வருவாங்க.

ஹோட்டல்ல ரூமுக்குள்ள போய் கதவை உள்ள இருந்து பூட்டிப் பாருங்க. பக்கத்து ரூமுக்கு நடுவுல கதவு இருந்தா அந்த ரூம் வேணாம். பாத்ரூம் வென்டிலேட்டர் எந்தப் பக்கம் திறக்குது, காரிடார்ல ராத்திரி லைட் இருக்கா, ரிசப்ஷன்ல ராத்திரி முழுக்க ஆள் இருப்பாங்களா, லிஃப்ட் இருக்கா, பார் அதே மாடில இருக்கா. எல்லா ரூமும் ஒரே மாடில அடுத்தடுத்து கேளுங்க, கிரவுண்ட் ஃப்ளோர்ல ரோட்டுப் பக்க ஜன்னல் வேணாம். செக்கின் பண்ணும்போது ரூம் நம்பரை லாபில சத்தமா சொல்லக் கூடாது, சாவியைக் கையில கொடுக்கட்டும்னு மேனேஜர்கிட்ட அப்பவே சொல்லிடுங்க. ஆதார் காப்பி எல்லாருதும் சேர்த்து நீங்களே கொடுத்துட்டா ஒவ்வொருத்தரா கவுண்டர்ல நிக்க வேணாம்.

வேனும் டிரைவரும்

மஞ்சள் போர்டு வண்டி மட்டும்தான். தெரிஞ்சவர் வெள்ளை போர்டு காரு கம்மியா தர்றேன்னு சொல்லுவார், ஏதாவது ஆச்சுன்னா வாடகைக்கு ஓட்டுன சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி காசு தராது, பதில் சொல்ல வேண்டியது நீங்க. 12 சீட் டெம்போ ட்ராவலர் எடுத்தா 10 பேரும் நீங்களும் போக, ஒரு சீட்டு பைக்கு. பர்மிட், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று), இன்சூரன்ஸ் காப்பியை வாட்ஸ்அப்ல வாங்கி வைங்க. பேசும்போதே கிலோமீட்டர் ரேட்டு, ஒரு நாளைக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் யாரு, ஏசி மலைல போடுவாங்களா எல்லாம் மெசேஜா எழுதி வாங்கிடுங்க. டிரைவருக்குத் தூங்க இடம், நேரத்துக்குச் சாப்பாடு, இது நீங்க பாக்க வேண்டியது, ராத்திரி தூங்காத டிரைவர்தான் பெரிய ஆபத்து. ராத்திரி 9க்கு மேல வண்டி ஓடாதுன்னு பிளான்லயே போட்டுடுங்க.

ரயில்ல போற மாதிரி இருந்தா ஒண்ணு கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். உங்க சொந்த ஐஆர்சிடிசி ஐடில மத்தவங்களுக்கு டிக்கெட் போட்டு அதுக்கு கமிஷன் வாங்குனா ரயில்வே சட்டம் 143வது பிரிவுல குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். அதனால டிக்கெட்டை அவங்கவங்களே போடட்டும், இல்லன்னா அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்ட் மூலமா போடுங்க. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், நாளைக் குறிச்சு குரூப்ல ஞாபகப்படுத்துங்க. 45 வயசு ஆன பெண்களுக்கு லோயர் பெர்த் கோட்டா இருக்கு, தனியாவோ இன்னொருத்தர் கூடவோ புக் பண்ணாத்தான் அது வேலை செய்யும், ஆறு பேரை ஒரே டிக்கெட்ல போட்டுட்டு கீழ் பெர்த் வரலன்னு புலம்புறவங்கதான் நிறைய.

இப்போ காசு

இங்கதான் நம்ம அக்காங்க தோத்துப் போறாங்க. தெரிஞ்சவங்ககிட்ட எப்படி ஃபீஸ் கேக்குறதுன்னு கூச்சம். டிரைவர் சும்மா வர்றாரா, ஹோட்டல்காரர் சும்மா ரூம் தர்றாரா, நீங்க மட்டும் ஏன் சும்மா வரணும்?

கணக்கு இப்படிப் போடுங்க, நான் சும்மா ஒரு உதாரணத்துக்கு நம்பர் வைக்கிறேன், உங்க ஊரு ரேட்டை நீங்க விசாரிச்சுப் போடுங்க. எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு முதல்ல: வேன், பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து 24,000, உங்க ரூம் சாப்பாடு 5,000, கைடு 4,000, முன்னாடி போய்ப் பாத்த செலவு 3,000. மொத்தம் 36,000. இதைப் பத்தால வகுக்காதீங்க, எட்டால வகுங்க, ஏன்னா கடைசி வாரத்துல ரெண்டு பேர் கழண்டுப்பாங்க, மாமியாருக்கு உடம்பு சரியில்ல, பையனுக்குப் பரீட்சைன்னு ஏதாவது வரும். ஆளுக்கு 4,500. அடுத்தது ஆளுக்கு ஆகுற செலவு: ரெண்டு ராத்திரி ரூம் ஷேர் 3,000, சாப்பாடு 1,800, நுழைவுச்சீட்டு, தண்ணி, சில்லறை 500, ஆக 5,300. ரெண்டும் சேர்த்து 9,800. அவசரத்துக்கு 500. அதுக்கு மேல உங்க ஃபீஸ் 1,500. ஆளுக்கு 11,800.

எட்டு பேர் வந்தா உங்களுக்கு 12,000. பத்து பேர் வந்தா 15,000, அதோட அந்த ரெண்டு பேர் மாறாத செலவுக்குன்னு ஆளுக்கு 4,500 கொடுத்தது, மொத்தம் 9,000ம் மிச்சம். ஃபீஸை மறைச்சு வைக்காதீங்க, "டூர் லீடர் கட்டணம் 1,500"னு பில்லுலயே தனி வரியா போடுங்க, ஒரு தடவை எழுதிட்டா அடுத்த தடவை யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா சேலைக் கடைல, பலகாரக் கடைல கமிஷன் வாங்கி சரிக்கட்டலாம்னு நினைக்காதீங்க, அப்படி வாங்கினா அந்தக் கமிஷன் உங்க ஆளுங்க கொடுக்கிற விலைலதான் ஏறும், நெய்றவங்களுக்கும் குறையும்.

அட்வான்ஸ் பாதி வாங்காம பேரை லிஸ்ட்ல ஏத்தக் கூடாது. கேன்சல் பண்ணா எவ்ளோ திரும்பும்னு பணம் வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி அனுப்பணும், 15 நாளைக்கு முன்னாடின்னா இவ்ளோ, அப்புறம்னா வேற ஆளைக் கொண்டு வந்தா மட்டும்தான், அப்படி. இந்தப் பணத்துக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் வைங்க, உங்க பேர்லதான், வீட்டுக்காரர் ஜிபேக்கு வாங்கினா தொழிலும் அவருதா ஆயிடும்.

ஆளுங்க

ஒரு சின்ன ஃபார்ம் அனுப்புங்க. வயசு, ரத்த வகை, சுகர், பிரஷர், என்ன மாத்திரை, அலர்ஜி, முட்டி வலி, சைவமா அசைவமா, அவசரத்துக்கு யாருக்குப் போன் பண்ணனும். குறட்டை விடுவீங்களான்னும் கேளுங்க, கூச்சப்படாம பதில் போடுவாங்க, குறட்டை விடுறவங்க ரெண்டு பேரை ஒரே ரூம்ல போட்டா ஊரே நிம்மதி. சுகர் இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு நேரம் தள்ளக் கூடாது, கோயில்ல கூட்டம் ஜாஸ்தியா இருந்தாலும் 1 மணிக்கு இலை முன்னாடி உக்கார வச்சிடணும்.

பீரியட்ஸ் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, ஆனா பெண்கள் குரூப்ல இதுதான் நிஜமான பிரச்சனை. கோயில் இருக்கிற ரூட்ல பத்து பேர்ல ஒருத்தருக்காவது அந்த நாள் வரும், சிலர் உள்ள வருவாங்க, சிலர் வர மாட்டாங்க, அது அவங்கவங்க முடிவு, யாரும் யாரையும் கேக்கக் கூடாது. பிளான்லயே ஒவ்வொரு கோயிலுக்கும் நேரா "கோயில் வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு" ஒரு இடம் போட்டு வச்சிடுங்க, தஞ்சாவூர்னா அரண்மனை, கலைக்கூடம், சும்மா ஒரு காபிக் கடையா இருந்தாலும் சரி. அப்போ வேன்ல தனியா உக்கார வேண்டிய நிலைமை யாருக்கும் வராது, காரணமும் சொல்ல வேண்டியதில்ல. பேட், பேப்பர் கவர், பெயின் கில்லர், ஒரு கறுப்புத் துண்டு உங்க பைல எப்பவும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்ல ரெண்டு குரூப் போடுங்க. ஒண்ணு வர்றவங்களுக்கு. இன்னொண்ணு வீட்ல இருக்கிறவங்களுக்கு, அதுல நீங்க மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங் வச்சு, வேன் நம்பர், ஹோட்டல் பேரு, டைமிங் போட்டுட்டு தினமும் ராத்திரி 8 மணிக்கு "எல்லாரும் ரூமுக்கு வந்தாச்சு, சாப்டாச்சு"ன்னு ஒரு வரி. இது இல்லன்னா மணிக்கொரு தடவை எல்லார் போனும் அடிக்கும், பால்காரர் காசு எங்க இருக்கு, சீரகம் எந்த டப்பான்னு... அந்தப் போனைக் குறைச்சாலே பாதி டூர் மிச்சம். போட்டோ விஷயத்துல கண்டிப்பா இருங்க, ஒருத்தரைக் கேக்காம அவங்க படத்தை எங்கயும் போடக் கூடாது, நீங்க விளம்பரத்துக்குப் போடுறதா இருந்தாலும் சரி. வீட்ல வேற ஏதோ சொல்லிட்டு வந்தவங்க இருப்பாங்க, தனியா வாழ்றவங்க இருப்பாங்க, அவங்களுக்குப் படம் வெளிய போறது ஆபத்தாக் கூட முடியலாம்.

பிரச்சனைன்னா

112, பெண்கள் உதவிக்கு 181, ஆம்புலன்ஸ் 108, ரயில்ல 139. எல்லார் போன்லயும் ஏறிருக்கணும், அதோட போற ஊர் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆஸ்பத்திரி, மகளிர் காவல் நிலையம் எங்கன்னு உங்க நோட்டுல இருக்கணும். கூட்டத்துல யாராவது கை வச்சாலோ, டிரைவர் கண்ணாடில முறைச்சுப் பாத்தாலோ, "விடுங்கம்மா, டூர் கெட்டுடும்"னு சொல்லாதீங்க. புகார் சொன்னவங்க கூட நீங்க நிக்கணும், டிரைவர்னா அன்னைக்கே ஓனருக்குப் போன் பண்ணி ஆளை மாத்துங்க, போலீஸுக்குப் போகணும்னு அவங்க சொன்னா நீங்க கூடப் போங்க, மீதி ஆளுங்களை அடுத்த இடத்துக்கு யார் கூட்டிட்டுப் போறதுன்னு முன்னாடியே ஒருத்தரைச் சொல்லி வச்சிருக்கணும்.

பேப்பர் வேலை ரொம்ப ஒண்ணும் இல்ல. உத்யம்ங்கிற சிறு தொழில் பதிவு ஆன்லைன்ல ஃப்ரீ, ஏஜெண்டுக்கு காசு கொடுக்காதீங்க. வருஷத்துக்கு மொத்த வசூல் 20 லட்சம் தாண்டுற வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, ஆனா மொத்த வசூல்னா உங்க ஃபீஸ் மட்டும் இல்ல, ஆளுங்ககிட்ட வாங்குன முழுத் தொகை, அதனால மாசம் ஒரு ட்ரிப் ஆரம்பிச்சவுடனே ஒரு ஆடிட்டரைப் பாத்துடுங்க. முதலீடு வேணும்னா முத்ரா லோன்ல சிசு வகைல 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம கேக்கலாம். வீட்ல ரூம் சும்மா இருந்தா ஹோம்ஸ்டேயா பதியலாம், மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட திட்டத்துல ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரைக்கும், ஆனா நீங்க அதே வீட்ல குடியிருக்கணும். வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை (முன்னாடி சி ஃபார்ம்னு சொன்னது) அரசுக்கு ஆன்லைன்ல ஏத்தணும், அதை விடவே கூடாது.

டூர் நடத்துற எண்ணம் இல்லாம, பயணியா மட்டும் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "லேடீஸ் ஒன்லி டூர்"னு விளம்பரம் பாத்தா போன் பண்ணி மூணு கேள்வி கேளுங்க: கூட வர்ற லீடர் பெண்ணா, அவங்களுக்குச் சம்பளம் உண்டா இல்ல ஃப்ரீ சீட்டு மட்டுமா, ரூட்ல ஏதாவது பிரச்சனைன்னா முடிவு எடுக்குறது அவங்களா இல்ல ஆபீஸ்ல இருக்கிற சாரா. மூணாவது கேள்விக்கு வர்ற பதில்லயே தெரிஞ்சிடும். நல்லா நடத்துறவங்களைப் பாத்தா பேரைச் சொல்லி ரிவ்யூ எழுதுங்க, "நல்ல டூர்"னு எழுதாம "இந்த அக்கா லீடரா வந்தாங்க, பாத்ரூம் ஸ்டாப் எல்லாம் கரெக்டா இருந்துச்சு"ன்னு எழுதுங்க, அடுத்த ஆள் அவங்களைத் தேடி வரும்.

ட்ரிப் முடிஞ்ச மூணு நாளைக்குள்ள கணக்கை குரூப்ல போட்டுடுங்க, அவசர நிதில மிச்சம் இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. அப்புறம் மூணு நாளும் நீங்க சொல்லாமலே பின் சீட்ல இருந்து தலை எண்ணினவங்க, இறங்குறப்போ வயசானவங்க கையைப் பிடிச்சவங்க ஒருத்தங்க இருந்திருப்பாங்க. அடுத்த ட்ரிப் தேதி போடுறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் போன் பண்ணி துணை லீடரா வர்றீங்களான்னு கேளுங்க, ஃபீஸ்ல இவ்ளோ பங்குன்னு அந்தப் போன்லயே சொல்லிடுங்க.